பிரஸ்ஸல்ஸில் ஒரு ராத்திரி: டிக்கெட், ஓடிபி, காது

கச்சேரி அரங்கத்தின் கதவருகே நின்ற பெண் என் டிக்கெட்டை மூன்று தடவை ஸ்கேன் செய்து பார்த்தார். மூன்று தடவையும் சிவப்பு விளக்குதான். "இந்த டிக்கெட்டில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்" என்று பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். குளிர் இரண்டு டிகிரி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து கண்ணாடிக் கதவுக்கு ஒரு அடி வெளியே நிற்கிறேன், உள்ளேயிருந்து அடிவயிற்றில் இடிக்கிற சத்தம் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தேர்க்கூட்டத்தில் அப்பா கையை விட்டுவிட்ட பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

நான் யார், அங்கே எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா. ஆந்திரச் சித்தூர் இல்லை, கேரளச் சித்தூர். விசா மையத்திலும் இதை ஒரு தடவை விளக்க வேண்டியிருந்தது. பனையும் தென்னையும் கள்ளும் உள்ள, மழை குறைந்த, தமிழ் பேசுகிற பூமி. வீட்டில் கொங்குத் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். வேலை கஞ்சிக்கோட்டில் உலோகம் உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரியில், பராமரிப்புப் பிரிவு, பதினாறு வருஷமாக. கோயம்புத்தூரில் படித்தபோது ஹாஸ்டல் அறையில் கூட இருந்தவன் சிடியில் ரைட் பண்ணிக் கொடுத்த பாட்டுகளில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இண்டஸ்ட்ரியல் மியூசிக், அதாவது மிஷின் சத்தத்தையே பாட்டாக்குகிற இசை என்றால் நம் பக்கம் நிறையப் பேருக்குத் தெரியாது. 1976-ல் இங்கிலாந்தில் த்ராபிங் கிரிஸில் என்ற குழு தங்கள் ரெக்கார்டு கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே இந்த இசை வகைக்கும் ஒட்டிக்கொண்டது. 1980-ல் பெர்லினில் தொடங்கிய ஐன்ஸ்டுர்ட்சண்ட நொய்பௌடன் குழு இரும்புத் தகடு, டிரில் மிஷின், பொறுக்கி எடுத்த பழைய இரும்பு எல்லாவற்றையும் வாத்தியமாக்கியது. நான் போனது பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242-வுக்காக. 1981-ல் ஆரம்பித்த குழு. இதன் ஆட்டம்போட வைக்கிற கிளை வகையான எலக்ட்ரானிக் பாடி மியூசிக் என்ற பெயரை உலகமெல்லாம் பரப்பியவர்கள் அவர்கள்தான்.

பகலெல்லாம் வார்ப்பை உதறி மணலைப் பிரிக்கிற ஷேக்-அவுட் மிஷினும் கிரைண்டரும் கேட்டுவிட்டு வருகிறவர் ராத்திரியும் அதையே எதற்குக் கேட்கிறார் என்று என் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து சந்தேகம். பவுண்டரியில் சத்தம் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். பாட்டில் அதே சத்தம் தாளத்துக்குக் கட்டுப்பட்டு வரிசையில் வந்து நிற்கும். எனக்கு அது பெரிய ஆறுதல். இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

2025 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் கடைசிக் கச்சேரிகள், அதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று அவர்கள் அறிவித்தபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவரை வெளிநாடு என்று போனது தம்பி இருக்கும் ஷார்ஜாவுக்கு மட்டும். போயே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. கூட வர ஆள் இல்லை. மனைவி "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு அந்தக் கர்ணகடூரம் வேண்டாம்" என்று கைகழுவிவிட்டாள்.

முதல் தப்பை விசாவிலேயே செய்தேன். பெல்ஜியம் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, அதன் மேல் மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள் என்பதை நம்பி நான் டிசம்பரில்தான் போனேன். டிசம்பர் கடைசியில் ஐரோப்பா முழுக்க விடுமுறை என்பது மண்டையில் ஏறவே இல்லை. அதைவிட மோசம், விசா வருவதற்கு முன்பே, திருப்பித் தராத விமான டிக்கெட்டை 61,000 ரூபாய்க்கு எடுத்து வைத்திருந்தேன், மலிவு என்று. விசாவுக்கு முன்பதிவு காட்டினால் போதும், பணம் முழுக்கக் கட்டியிருக்கத் தேவையில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நெடும்பாசேரியில் விமானம் ஏற ஐந்து நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதுவரை மூன்று வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பையனைக் காரணமில்லாமல் இரண்டு தடவை திட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, இனிஷியல் விவகாரம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. விமான டிக்கெட் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே நகரவிடாது. கடைசியில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு, விமானக் கம்பெனிக்குப் போன் செய்து, அது செல்லும் என்று இமெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் விரித்து எழுதிவிடுங்கள். இந்தத் தலைவலி ஒரு தடவையோடு தீரும்.

கச்சேரி டிக்கெட்டுக்கு வருவோம். நான் கண் விழிப்பதற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. மறுவிற்பனைத் தளம் ஒன்றில் 135 யூரோவுக்கு ஒன்று கிடைத்தது. அசல் விலையைவிட எக்கச்சக்கம் என்று தெரிந்தும் வாங்கினேன். பெல்ஜியத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 2013-ல் வந்த சட்டப்படி குற்றம் என்று அங்கே போனபிறகு ஒருவர் சொன்னார். அதாவது, கூடுதல் விலை கேட்டபோதே சட்டத்தை மதிக்காத இடத்தில் நிற்கிறோம் என்று நான் புரிந்துகொண்டிருக்கலாம். வந்தது ஒரு பிடிஎஃப். அதே பிடிஎஃப்பை அந்த ஆள் எத்தனை பேருக்கு விற்றானோ! முதலில் வந்து ஸ்கேன் செய்தவன் உள்ளே, மற்றவர்கள் என்னைப் போல வாசலில். மறுவிற்பனையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய பார்கோடை ரத்து செய்துவிட்டு உங்கள் பெயருக்குப் புதிது போட்டுத் தருகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். எந்தத் தளத்தை நம்பலாம் என்று அரங்கத்துக்கே ஒரு இமெயில் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

தங்குமிடத்திலும் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். நகரத்துக்குள் வாடகை அதிகம் என்று, ரயிலில் கொஞ்ச தூரம் தள்ளி வில்வோர்ட என்ற ஊரில், ஆளே இல்லாத ஒரு தங்குமிடத்தில் ஒரு நாளைக்கு 58 யூரோவுக்கு எடுத்தேன். ரிசப்ஷன் கிடையாது, சாவி கிடையாது. வாசலில் எண்பலகை, ஆறு இலக்க எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். எண் இமெயிலில் வரும். பகலில் இரண்டு தடவை போனைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன், திறந்தது. மனப்பாடம் பண்ண வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கச்சேரிக்குக் கிளம்பும்போது பெரிய பை உள்ளே விடமாட்டார்கள் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் பையை அறையிலேயே வைத்தேன். பவர்பேங்க் பைக்குள்ளே. கோட்டுப் பாக்கெட்டில் போன், ஒரு கார்டு, பாஸ்போர்ட் நகல், இருபது யூரோ. அறைக் கதவைச் சாத்தும்போது, ஏதோ எல்லாம் யோசித்துவிட்ட ஆள் மாதிரி ஒரு திருப்தி வேறு.

சரி, வாசலுக்குத் திரும்புவோம். அரங்கத்தின் பெயர் ஆன்சியன் பெல்ஜிக், ஏபி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நகரின் நடுவில் இருக்கிற பழைய பேர்பெற்ற இடம். கதவில் இருந்த அந்தப் பெண் என்னை விரட்டவில்லை. ஓரமாக நிற்கச் சொல்லி, ஒரு மறுவிற்பனைத் தளத்தைத் தன் போனில் காட்டி, "கடைசி நேரத்தில் வரமுடியாதவர்கள் இதில் போடுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார். இருபது நிமிஷத்தில் ஒரு டிக்கெட் வந்தது, அசல் விலைக்கே. கார்டு எண்ணை அடித்தேன். ஓடிபி கேட்டது.

என் இந்திய சிம் எங்கே? கொழிஞ்சாம்பாறையில், மனைவியின் போனில். பேங்க் மெசேஜ் எல்லாம் அவள் பார்த்துக்கொள்ளட்டும், ரோமிங் காசு மிச்சம் என்று நானேதான் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பிரஸ்ஸல்ஸில் மணி எட்டு. ஊரில் நடுராத்திரி தாண்டி அரைமணி. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாம் தடவை எடுத்தது மாமியார். அந்த நேரத்துப் போன் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். "யாருக்கு என்னாச்சு சாமி?" என்று குரல் நடுங்கியது. யாருக்கும் ஒன்றும் இல்லை, பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க ஒரு நம்பர் வேண்டும் என்று ஒரு வயதான அம்மாவுக்கு அந்த நேரத்தில் புரிய வைப்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். மனைவி வாங்கினாள். "ஏனுங்க, சொல்றேன், ஏழு, நாலு, ரெண்டு..." அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. திரும்ப ஒன்று. அதில் அவள் ஆறு என்றது எனக்கு ஏழு என்று விழுந்தது, பின்னால் தெருச் சத்தம். கையுறையைக் கழற்றி விரல்கள் மரத்துப்போய்விட்டன. மூன்றாவது தடவை பச்சை டிக் வந்தபோது வாசலிலேயே "வந்துருச்சு!" என்று தமிழில் கத்தினேன். வரிசையில் இருந்த இரண்டு பேர் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள். போனில் சார்ஜ் 61-ல் இருந்து 34-க்கு இறங்கியிருந்தது.

இதில் நான் சொல்ல விரும்புவது, இந்திய சிம்மை ஊரில் விட்டுப் போகாதீர்கள். இரண்டாவது சிம் துளையில் போட்டு, கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். எஸ்எம்எஸ் வருவதற்குப் பெரும்பாலும் பணம் பிடிப்பதில்லை. டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். கார்டையும் பாருங்கள். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகள் வெளிநாட்டில் வேலை செய்யாதபடிதான் கைக்கு வரும், நாம்தான் ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். நான் ஒரு கார்டைத் திறந்திருந்தேன், இன்னொன்றை மறந்திருந்தேன். மறந்த கார்டில்தான் பணம் அதிகம் இருந்தது.

உள்ளே போனதும் இந்தப் பாடெல்லாம் மறந்துபோனது. அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். நரைத்த தலை, கறுப்புச் சட்டை, மிலிட்டரி பூட்ஸ், இருட்டில் கூலிங் கிளாஸ். எங்கள் ஊர் ரிட்டையர்டு கண்டக்டர்களுக்கு வேஷம் கட்டி நிறுத்திய மாதிரி. முதல் அடி விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முட்டியை மடக்கி ஆட ஆரம்பித்தார்கள். அடித்தொண்டைக் குரல், மிஷினில் திரும்பத் திரும்ப ஓடுகிற சீக்வென்சர் தாளத்தின் மேல் ஏறி வருகிறபோது, இண்டக்‌ஷன் பர்னஸில் உலோகம் உருக்கக் கரண்ட் கூட்டும்போது தரை வழியாகக் கால் எலும்பில் ஏறுமே ஒரு முனகல், அதே இடத்தில் எனக்கு ஏறியது. சிடியில் பதினேழு வருஷம் கேட்டும் அது தெரிந்ததில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவர் இரண்டு பாட்டுக்கு நடுவே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1986-ல் முதலில் பார்த்தாராம், மனைவியை அங்கேதான் சந்தித்தாராம். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் முட்டாள்தனத்தின் உச்சம். உள்ளே நுழையும்போது காது அடைப்பான்கள் இலவசமாக வைத்திருந்தார்கள். சின்ன மஞ்சள் நுரைப்பஞ்சு. பவுண்டரியில் என் மேஜை டிராயரில் இதே மஞ்சள் பஞ்சு முந்நூறு ஜோடி கிடக்கிறது. பீகாரிலிருந்து வந்த பையன்கள் அதைக் காதில் வைக்காமல் பாக்கெட்டில் வைத்திருந்தால் சத்தம் போடுகிறவன் நான். சேஃப்டி வகுப்பில் சாக்பீஸ் பிடித்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவனும் நான்தான்: நம் தொழிற்சாலை விதியில் 90 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் போட்ட கணக்கு இன்னும் கறார், 85-க்கு எட்டு மணி, அதன் மேல் மூன்று மூன்றாகக் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும், 100-க்குப் பதினைந்தே நிமிஷம். மிக்சிங் மேடைப் பக்கம் டெசிபல் காட்டும் சின்னத் திரை 98, 99 என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். ரசித்துக்கூடப் பார்த்தேன். ஆனால் இத்தனை செலவழித்து இத்தனை தூரம் வந்துவிட்டுப் பஞ்சை வைத்துக் கேட்பதா, பவுண்டரிக்காரன் காதுக்கு இது எம்மாத்திரம் என்று ஒரு வீம்பு. ஸ்பீக்கருக்கு நேரே, இடது பக்கம், ஒன்றரை மணி நேரம். நுரைப்பஞ்சு மேல்ஸ்தாயியை அதிகமாக வெட்டிப் பாட்டை மந்தமாக்கும், அது உண்மை. அதற்காகவே இசைக்காரர்கள் போடுகிற, எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கிற ஃபில்டர் வைத்த அடைப்பான் தனியாக விற்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்தான்.

கச்சேரி முடிந்து, கொடுத்து வைத்த கோட்டைத் திரும்ப வாங்கும் வரிசை, டீ-ஷர்ட் வரிசை, அப்புறம் அந்தப் பெரியவரோடும் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு பேரோடும் வெளியே நின்று பேச்சு. தனியாக வந்தவனுக்கு ஆள் கிடைத்தால் விடுவானா? சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடை. நான் போய்ச் சேர்ந்தபோது கடைசி வண்டி போய்விட்டிருந்தது. போனை எடுத்தேன். 19 சதவீதம் காட்டியது, கையில் வைத்திருக்கும்போதே திரை கறுத்துவிட்டது. பழைய பேட்டரி குளிரில் இப்படித்தான் திடீரென்று கைவிடும், உள்ளே ரசாயனம் மந்தமாகி வோல்டேஜ் தணிந்துவிடும். மோட்டார் ரூமில் யுபிஎஸ் பேட்டரிக்கு நான் எழுதி ஒட்டியிருக்கிற எச்சரிக்கைதான் இதுவும். போனை உள்சட்டைக்குள் உடம்போடு வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும்.

டாக்சி கிடைத்தது, 42 யூரோ, கார்டு வேலை செய்தது. தங்குமிடத்து முகவரி நல்லவேளை ஞாபகம் இருந்தது. டாக்சி திரும்பிப் போன பிறகு எண்பலகை முன்னால் போய் நின்று விரலை நீட்டினேன். ஆறு இலக்கம். முதல் இரண்டு 4, 1. மற்றதெல்லாம் இமெயிலில். இமெயில் போனில். போன் செத்துக் கிடக்கிறது.

மணி ஒன்றே முக்கால். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு நாய் குரைத்து, எதிர்வீட்டில் யாராவது லைட்டைப் போட்டு "யாரது?" என்று கேட்டிருப்பார்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. அழைப்பு மணிகளை அமுக்கிப் பார்த்தேன், பதில் இல்லை. யாருக்குப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் பயமாக இருந்தது. அதைவிட வெட்கம். ஒரு குழு பாடுவதைக் கேட்கக் குடும்பத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, இரண்டு டிக்கெட் வாங்கி, இப்போது நடுத்தெருவில் நிற்கிறேன். காதில் அப்போதுதான் கவனித்தேன், ங்ஙீ என்று ஒரு கோடு. தெரு அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்குள்ளே அமைதி இல்லை.

ஸ்டேஷன் பக்கம் பகலில் ஒரு நைட் ஷாப் பார்த்த ஞாபகம். இருபத்தைந்து நிமிஷம் நடந்தேன். கடையில் லைட் எரிந்தது. கல்லாவில் தாடி வைத்த ஒருவர், பார்த்தால் நம் பக்கத்து ஆள். பாகிஸ்தான், குஜ்ராத் என்று பிறகு சொன்னார். அங்கேயும் ஒரு குஜ்ராத் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் இந்தி முழுக்க பீகார்ப் பையன்களிடம் வேலையிடத்தில் கற்றது. 'உடாவ், ரக்கோ, பந்த் கரோ' இந்த அளவுதான். அதை வைத்தே "பாய், மொபைல் பந்த், கர் பந்த், டண்டா பகுத்" என்றேன். போன் செத்துவிட்டது, வீடு பூட்டியிருக்கிறது, குளிர் அதிகம் என்று அர்த்தம். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சார்ஜர் கொடுத்தார், ஹீட்டர் பக்கம் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார், தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார். ஏலக்காய் போட்ட டீ. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. போன் உயிர்பெற்றதும் முதல் வேலையாக அந்த ஆறு எண்ணையும் டீ-ஷர்ட் பில்லின் பின்னால் பேனாவால் எழுதினேன். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. கதவு எண், முகவரி, வீட்டுப் போன் நம்பர், இந்தியத் தூதரக நம்பர், இந்த நான்கையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம். கடைசி ரயில் நேரத்தையும் அதிலேயே குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஊர் திரும்பி மூன்று வாரமாகியும் காதில் அந்தக் கோடு போகவில்லை. எங்கள் ஜில்லாவில்தான் சைலன்ட் வேலி இருக்கிறது, சில்வண்டுச் சத்தம் இல்லாததால் அந்தப் பெயர் என்பார்கள். அந்தச் சில்வண்டெல்லாம் என் இடது காதுக்குக் குடிவந்துவிட்டது. ராத்திரி ஃபேன் நின்றால் தூங்க முடியாது. தானாகச் சரியாகும் என்று இருந்துவிட்டு, நாலாவது வாரம்தான் பாலக்காட்டில் காது டாக்டரிடம் போனேன். காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுத்தார். 4,000 ஹெர்ட்ஸில் இடது காது வரைகோடு குழி விழுந்து கிடந்தது. பேரிரைச்சலால் வரும் பாதிப்பு முதலில் அந்த இடத்தில்தான் காட்டும் என்பது சேஃப்டி வகுப்பில் நானே போடுகிற படம். பவுண்டரியில் வருஷாவருஷம் எடுக்கிற பரிசோதனையில் போன வருஷம் 20 டெசிபலிலேயே கேட்டது, இப்போது 35 டெசிபல் வைத்தால்தான் கேட்கிறது. "கச்சேரி முடிந்த இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்திருக்கலாம், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கச்சேரிக்குப் பிறகு கொஞ்சம் இரைச்சல் இருந்து ஒரு நாளில் அடங்கினால் பயமில்லை. இரண்டு நாள் தாண்டியும் இருந்தாலோ ஒரு காது மந்தமாகத் தெரிந்தாலோ காத்திருக்காமல் போய்விடுங்கள். நான் விமானப் பயணத்தில் காது அடைத்த மாதிரிதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கணக்குப் பார்த்தால் மொத்தம் 1,38,000 ரூபாய் போல ஆனது. அதில் வீணாகப் போனது போலி டிக்கெட்டுக்கு 12,000, டாக்சிக்கு 3,700. காது டாக்டருக்கும் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் இதுவரை 6,400. போலி டிக்கெட் பணத்துக்காகக் கார்டு கொடுத்த வங்கியில் டிஸ்ப்யூட் போட்டேன். இதற்குக் கெடு பொதுவாக 120 நாள், தள்ளிப்போடாதீர்கள். அரங்கத்துக்கு எழுதி, அந்த பார்கோடு ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்று ஒரு வரி இமெயில் வாங்கி இணைத்ததுதான் உதவியது. மூன்று மாதம் அலைக்கழித்து, மே மாதம் முழுப்பணமும் திரும்பி வந்தது.

பணம் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் 1992-லிருந்து வருஷாவருஷம், ஈஸ்டர் முடிந்து ஏழு வாரம் கழித்து, இந்த மாதிரி இசைக்கென்றே நாலு நாள் திருவிழா நடக்கிறது, ஊர் முழுக்கக் கறுப்புச் சட்டைதான் என்று. மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். மாமியார் கையைக் கழுவிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். "போறதுன்னா போங்க" என்றாள் மனைவி. "அந்த மஞ்சப் பஞ்சையும் சிம்மையும் கையோட கூட்டிட்டுப் போங்க. நடுராத்திரில நம்பர் சொல்ல நான் எந்திரிக்க மாட்டேன்."